காளிகேசம் போகிறவர்கள் முதலில் கல்லைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருவி எங்கே என்று கேட்டால் எல்லார் கையும் திற்பரப்புப் பக்கம்தான் நீளும். அதில் தப்பொன்றும் இல்லை. கோதையாறு அகன்ற பாறைமேல் பரவி வந்து ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பிடித்து நிற்கக் கம்பி, பிள்ளைகளுக்குக் குளம், பக்கத்திலேயே மகாதேவர் கோயில், வெளியே வந்தால் சுடச்சுடப் பஜ்ஜி. ஆனால் விடுமுறை நாளில் அந்தக் கம்பியைப் பிடிக்க நடக்கிற தள்ளுமுள்ளில் குளித்த மாதிரியும் இருக்காது, குளிக்காத மாதிரியும் இருக்காது. அதனால் வெளியூரிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் "கூட்டம் வேண்டாம், காட்டுத் தண்ணியில காலை நனைச்சாப் போதும்" என்றால் நான் கூட்டிக்கொண்டு போவது காளிகேசத்துக்கு.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பெரிய அருவியை நினைத்துக்கொண்டு போனால் முகம் வாடிவிடும். கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள், பாறை இடுக்குகளில் இறங்கி வருகிற ஓடைதான் காளிகேசம். கரையில் காளி கோயில். தண்ணீர் ஓரிடத்தில் ஆள் உயரத்துக்குக் குதிக்கும். இன்னோரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிச் சீறும். அடுத்த வளைவில் சத்தமே இல்லாமல் ஆழமாகத் தேங்கிக் கசமாகக் கிடக்கும். நடக்க வேண்டியதும் கொஞ்ச தூரம்தான். சின்ன இடம், சின்ன நடை என்பதால்தான் பலரும் கடற்கரைக்குக் கிளம்புவது போல வெறுங்கையோடு வந்துவிடுகிறார்கள். திற்பரப்பில் தண்ணீர் எங்கே விழும், எங்கே நிற்கலாம் என்பதை யாரோ முடிவுசெய்து கம்பி நட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த முடிவை நாமே எடுக்க வேண்டும்.

இந்தமுறை போனது சாரல் ஓய்ந்துகொண்டிருந்த செப்டம்பர் கடைசியில். சென்னையிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். மைனியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "நானும் வாறேன், சும்மா கரையில இருக்கேன்" என்று மாமாவும் வேனில் ஏறிவிட்டார். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. அந்த நாளைக் காப்பாற்றியது அவர்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எப்போது போவது என்ற பேச்சு. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம்: ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. தென்மேற்கில் பெரும்பாலும் சாரலாக, விட்டுவிட்டுப் பெய்யும். வடகிழக்கில் அப்படியில்லை, ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்து போனபோது இந்தப் பக்கத்து ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மாதங்களைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஓடை மெலிந்திருக்கும், பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் கோடையில் பிற்பகலானால் மலைமேல் இடி இடித்து ஒரு மழை பெய்யும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே அது நடந்து முடிந்திருக்கும். என்னைக் கேட்டால், நல்ல மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்துப் போவதுதான் சரி. தண்ணீர் நிறையவும் இருக்கும், தெளிந்தும் இருக்கும். காட்டில் பெய்தது வடிந்துகொண்டிருக்கிற நேரம் அது. மழை பெய்கிற நாளிலேயே போனால் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இறங்க முடியாது, பல நேரம் வனத்துறையும் உள்ளே விடாது.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து கீரிப்பாறைக்குப் பேருந்து உண்டு. இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் என்று வயலும் குளமுமாக வந்த பாதை, தடிக்காரன்கோணம் தாண்டியதும் ரப்பருக்குள் நுழைந்துவிடும். (பூதப்பாண்டி வரும்போது சித்தி மகனிடம், ஜீவா பிறந்த ஊர் இது என்றேன். 1907-இல் பிறந்தவர், பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம். அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.) கீரிப்பாறையிலிருந்து மேலே போக ஜீப்போ ஆட்டோவோ சொந்த வண்டியோ வேண்டும். சொந்த வண்டி என்றால் பெட்ரோலை நாகர்கோவிலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஓடைக்கு இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடம்.

இனி நான் சொல்கிற யோசனையை எந்த வரைபடத்திலும் பார்க்க முடியாது. கீரிப்பாறையைச் சுற்றி அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஊறி வரும், வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் கோட்டில் வழியாமல் மரம் முழுக்கப் பரவி வீணாகும். மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரமென்றால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் அன்றைய வெட்டு போச்சு. மழை பெய்ததா என்பது அவர்களுக்கு அன்றைய பிழைப்பு. அதனால் நேற்று ராத்திரி மேலே எவ்வளவு பெய்தது, எத்தனை மணிக்குப் பெய்தது, இன்றைக்கு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் வானிலை அறிக்கையைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். நாங்கள் போன அன்று, பாலைச் சேகரித்துவிட்டு வாளியோடு சாலையோரம் நின்ற ஒரு அக்காவிடம் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"ராத்திரி இங்க பெய்யல. மேல மலையில மின்னுச்சு. இப்ப போங்க, ஒண்ணும் செய்யாது. மத்தியானம் கழிஞ்சு ஓடையில நிக்காதிங்க மக்கா."

ஒரு நிமிடப் பேச்சுதான். அதை வைத்துத்தான் அன்றைய திட்டத்தை மாற்றினோம். குளியலை முதலிலும் சாப்பாட்டைக் கடைசியிலும் வைத்துக்கொண்டோம்.

சோதனைச் சாவடியில் டிக்கெட் வாங்க வேண்டும். இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர். யானை நடமாட்டம் உள்ள காடு. ஆகவே சாவடியில் இருப்பவர்கள் "இன்றைக்கு இதுவரைதான்" என்றால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். காலையில் அந்தப் பக்கம் எது நின்றது என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பையைத் திறந்து பார்ப்பார்கள், கோபப்படக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஓடையோரப் புதரில் தின்பண்டக் கவர் சிக்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். அதைவிடக் கொடுமை மதுப் பாட்டில். பாறையில் அடித்து உடைத்த கண்ணாடி, மழை வந்ததும் உருண்டுபோய்க் கசத்தின் அடி மணலில் தங்கிவிடுகிறது. தண்ணீருக்குள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் பாம்போ அட்டையோ அல்ல, அந்தக் கண்ணாடிதான்.

காலில் என்ன போடுவது என்பதில் சித்தி மகனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவன் கொண்டுவந்திருந்தது விலையுயர்ந்த ஓட்டப் பயிற்சி ஷூ, அடிப்பாகம் பஞ்சு மாதிரி இருந்தது. சாலையில் அருமையாக இருக்கும், ஈரப் பாறையில் பிடிக்காது. ரப்பர் செருப்பு இன்னும் மோசம். கால் ஒரு பக்கம் போகும், செருப்பு ஒரு பக்கம் போகும், மூன்றாவது அடியில் வார் பிய்ந்துவிடும். பின்னால் பட்டை வைத்து இறுக்குகிற சாண்டலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற சாதாரண கேன்வாஸ் ஷூவும்தான் என் அனுபவத்தில் நன்றாகப் பிடிக்கின்றன. கேன்வாஸ் நனைந்தாலும் காலோடு ஒட்டி நிற்கும். விலையும் குறைவு, கிழிந்தால் வருத்தமும் குறைவு.

அட்டை உண்டு. மழை முடிந்த ஈரத்தில், இலைச்சருகு கிடக்கிற நடைபாதையில், குச்சி குச்சியாக எழுந்து நின்று ஆடும். மைனி கூப்பாடு போட்டு நடையையே நிறுத்திவிட்டாள். பிடித்து இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கிற இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் வைத்துத் தள்ளினால் வந்துவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கடிவாயில் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும்; பார்க்கப் பயமாக இருக்குமே தவிர வேறொன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவித் துணியை வைத்து அழுத்தினால் போதும். பேன்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் நடந்தால் பாதித் தொல்லை தீரும்.

இனி கல்.

இந்த மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைகள். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய, மிகப் பழைய, இறுகிய பாறைகள். வெயில் பட்டுக் காய்ந்த இடத்தில் சொரசொரப்பாக நன்றாகக் காலைப் பிடிக்கும். உட்கார்ந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் சில பாறைகளில் மிளகு அளவில் சிவப்புப் பொட்டுகள் தெரியும். அது கார்னெட் என்கிற கனிமம். இப்படிப்பட்ட மலைப் பாறைகள் பல காலமாகக் கரைந்து, ஆற்றோடு போய், கடல் அலசிப் பிரித்து வைத்ததுதான் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சிவப்பும் கறுப்புமாகக் கிடக்கிற கனிம மணல். மைனியின் மகள் அந்தச் சிவப்புப் பொட்டுகளை நகத்தால் நோண்டி எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். வராது என்று சொன்னேன், கேட்கவில்லை. அரைமணி நேரம் அவள் தண்ணீர் பக்கமே போகாமல் இருந்தது எனக்கு நிம்மதி.

அதே பாறை தண்ணீர் தொடுகிற கோட்டில் வேறு மாதிரி. காய்ந்த சாம்பல் நிறத்துக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் நடுவே, கறுத்து, இலேசாகப் பளபளக்கிற ஒரு பட்டை இருக்கும். அங்கேதான் பாசி. பச்சையாகத் தெரிகிற பாசிக்கு எல்லாரும் பயப்படுவார்கள். இந்தக் கறுப்புப் பாசி பாறையின் நிறம் மாதிரியே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. நாங்கள் இருந்தபோதே கல்லூரிப் பையன்கள் கூட்டமொன்று வந்தது; படம் எடுப்பதற்காகச் சரியாக அந்தப் பட்டையில் வரிசையாக நின்றார்கள். நடுவில் இருந்தவன் கால் நழுவி, பக்கத்தில் இருந்தவனையும் பிடித்து இழுத்துக்கொண்டு கசத்தில் விழுந்தான். முழங்கை சிராய்ப்போடு போயிற்று, போன் போனதுதான். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது: சாம்பல் நிறத்தில் நட, கறுப்பில் உட்கார்ந்து நகர், வெள்ளை நுரையில் இறங்காதே. மூன்றாவதற்குக் காரணம் உண்டு. அருவி விழுகிற இடத்தில் தண்ணீரோடு காற்று கலந்து நுரைத்துக் கிடக்கும். அந்தத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்காது, நீச்சல் தெரிந்தவனும் கையை வீசி வீசிக் களைத்துப்போவான். அருவியில் குளிக்க ஆசை என்றால் நுரைக்குள் போகாமல், பக்கவாட்டில் தெறிக்கிற தண்ணீரில் தலையைக் காட்டுங்கள், அதுவே மண்டையைக் கிறுகிறுக்க வைக்கும்.

பாறையில் உரல் மாதிரி வட்டமாகக் குடைந்த குழிகளும் இருக்கும். சுழலில் மாட்டிய கல் வெள்ளத்துக்கு வெள்ளம் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பாறையைத் தேய்த்து உண்டாக்கிய குழிகள். தண்ணீர் வற்றியவற்றில் எட்டிப் பார்த்தால் அந்த உருண்டைக் கல் அடியில் கிடக்கும். பார்க்க அழகு. ஆனால் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடியில் இடுப்பாழம் வருவது இதனால்தான். ஒரு கம்பு வைத்துக்கொண்டு, முன்னால் குத்திப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். மாமாவுக்கு ஊன்றிக்கொள்ள எடுத்த கம்பை நான்தான் அதிகம் பயன்படுத்தினேன்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எண்ணெய் பட்ட பாறையில் அடுத்து வருகிறவன் விழுவான். ஷாம்பு, சோப்பும் அப்படித்தான், அத்தனையும் ஓடையில் இருக்கிற மீனுக்குத்தான் போகிறது.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை: நனைந்த ஜீன்ஸ் காலைப் பிடித்து இழுக்கும், சேலை கல்லிடுக்கில் மாட்டும், துப்பட்டாவைக் கழற்றிக் கரையில் வைத்துவிட வேண்டும். மைனி சுடிதாரோடு இறங்கினாள், இரண்டு துவர்த்து (துண்டு) கொண்டுவந்திருந்தாள், அது போதுமானதாக இருந்தது. காற்றடைத்த டியூபைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது குளத்துக்குச் சரி; ஓடுகிற தண்ணீரில் அந்த டியூபே பிள்ளையைக் கொண்டுபோய்விடும். ஆழமில்லாத இடத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், கீழ்ப்பக்கம் ஒரு பெரியவர் நின்றால்தான் பாதுகாப்பு. மேல்பக்கம் நின்று பயனில்லை. பிள்ளை நழுவினால் போவது கீழ்ப்பக்கம்தானே.

இப்போது மாமா.

ஓடைக்கு வந்ததும் நான் முதலில் செய்கிற வேலை, தண்ணீர் ஓரத்தில் பாதி மூழ்கிப் பாதி வெளியே தெரிகிற ஒரு கல்லை அடையாளம் வைப்பது. அன்றைக்கு வெள்ளை ரேகை ஓடிய ஒரு கல் கிடைத்தது. ரேகைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். குளிக்காமல் கரையில் இருக்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. "மாமா, அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டே இருங்க. தண்ணி கோட்டத் தொட்டா சத்தம் போடுங்க" என்றேன். மாமா அந்தக் காலத்துப் பஸ் கண்டக்டர். சத்தம் போடுவதா என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த விசில் மட்டும் பையை விட்டுப் போகவில்லை. "ஒரு விசில் அடிச்சா ஸ்டாப், எல்லாரும் கரைக்கு. ரெண்டு அடிச்சா ரைட், இறங்கலாம். மாத்திப் புரிஞ்சுக்கிடாதிங்க" என்று பிள்ளைகளை நிறுத்தி வைத்துச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அருவிச் சத்தத்தில் பத்தடி தள்ளி நிற்கிறவன் கத்துவது காதில் விழாது. விசில் விழும்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். எங்கள் தலைக்குமேல் வெயில். மேலே மலையுச்சிப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது, இடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தெளிவாக வந்துகொண்டிருந்த தண்ணீரில் முதலில் நாலைந்து சருகு வந்தது. அப்புறம் சுள்ளி. அப்புறம் அழுக்கு நுரை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே விசில் வந்துவிட்டது, நீளமாக ஒன்று. மாமா கம்பை நீட்டிக் கல்லைக் காட்டினார், ரேகை நனைந்திருந்தது. பிள்ளைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஏறினோம். பை, செருப்பு எதையும் பார்க்கவில்லை. கால்மணி நேரத்துக்குள் வெள்ளை ரேகைக் கல் காணாமல் போயிற்று. மைனியின் மகள் உட்கார்ந்து கார்னெட் நோண்டிக்கொண்டிருந்த பாறைமேல் கலங்கல் தண்ணீர் தாவிப் போய்க்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், மலை செங்குத்து, பாறை தண்ணீரைக் குடிக்காது. சாரல் முடிந்த நேரத்தில் மண்ணும் ஏற்கெனவே குடித்து நிறைந்திருக்கும். மேலே பெய்கிறது அப்படியே வழிந்து, அத்தனை ஓடைகளும் சேர்ந்து, ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் வருகிறது. அகன்ற ஆற்றில் ஓரடி ஏறுகிற தண்ணீர் இங்கே ஆள் உயரத்துக்கு ஏறும். பாறைச் சுவர் இரண்டு பக்கமும் இருக்கிற இடத்தில் நின்றிருந்தால் ஏற வழியும் இருக்காது. அதனால் அப்படிப்பட்ட இடுக்கை மேலே நின்று பார்ப்பதோடு சரி, உள்ளே இறங்கிக் குளிப்பது கிடையாது.

அன்றைக்குச் சிக்கியது நாங்கள் இல்லை. எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒரு குடும்பம் கல்மேல் கல்லாகத் தாண்டி அக்கரைக்குப் போயிருந்தது. அந்தப் பக்கம் நிழலும் நல்ல பாறையும் இருந்தது, எங்களுக்கும் போகலாமா என்று தோன்றியதுதான். தண்ணீர் ஏறியதும் தாண்டிய கற்கள் மூழ்கிவிட்டன. சாப்பாட்டுப் பையும் வண்டிச் சாவியும் இக்கரையில், ஆட்கள் அக்கரையில். அவர்களில் இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள். அதற்குள் வனத்துறை வாட்சர் ஓடி வந்துவிட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்த காணிக்காரர், இந்த மலைகளின் பழங்குடி.

"இறங்காதிய! அங்கனே மேல ஏறி இருங்க. தண்ணி தானா எறங்கும். நீங்க எறங்கினா ஏற மாட்டிய!"

முழங்கால் அளவுதானே என்று நினைக்கத் தோன்றும். வேகமாக ஓடுகிற முழங்கால் தண்ணீர் பெரிய ஆளையே வாரிவிடும். விழுந்தவன் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் கல்லிடுக்கில் மாட்டும். மாட்டிய பாதத்தோடு தண்ணீர் முதுகில் அழுத்தினால் தலை மேலே வராது. ஓடுகிற தண்ணீரில் விழுந்துவிட்டால் நிற்கப் பார்க்காமல், மல்லாந்து, கால்களைப் போகிற திசைக்கு முன்னால் நீட்டி, கல் வந்தால் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு, கரை பக்கம் ஒதுங்குகிற வரை போக வேண்டும். இதைக் கரையில் படுக்க வைத்துப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்துவிடுவது நல்லது, சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

அந்தக் குடும்பம் இரண்டு மணி நேரத்துக்குமேல் அக்கரையில் இருந்தது. அவர்களிடம் ஒரு சின்னப் பிள்ளை, பசியில் அழுதுகொண்டிருந்தது. மைனி எங்கள் பையிலிருந்து ஏத்தம்பழத்தை எடுத்து ஒவ்வொன்றாக எறிந்தாள். முதல் பழம் தண்ணீரோடு போயிற்று. இரண்டாவதைக் குரங்கு பிடித்தது. மூன்றாவதிலிருந்து வாட்சர் வாங்கி எறிந்தார், எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் இறங்கிய பிறகு அவரே நடுவில் நின்று ஒவ்வொருவராகத் தாண்ட வைத்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி, வண்டி நிற்கிற கரை எதுவோ அந்தக் கரையில்தான் குளியல். அக்கரையில் எவ்வளவு நல்ல நிழல் இருந்தாலும் சரி.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பையில் சாப்பாடு இருப்பது அவற்றுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் புளிச்சோறும் ஏத்தங்காய்ச் சிப்ஸும் கொண்டுபோயிருந்தோம். ஓடைக்கரையில் பொதியைப் பிரிக்காமல், வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். பார்க்கக் கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது, ஆனால் சோறு முழுசாக மிஞ்சியது. அதுகளுக்கு ஊட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் கொடுத்த ஒரு பழத்துக்காக அடுத்த வாரம் வருகிற பிள்ளையின் கையை அது பிடித்துப் பிராண்டும். மரத்தின் உயரத்தில் பார்வையை வைத்திருந்தால் மலையணிலையும், அதிர்ஷ்டம் இருந்தால் கருமந்தியையும் பார்க்கலாம். அவை நம் பை பக்கம் வராது.

முதலுதவிக்குப் பஞ்சு, கட்டுத்துணி, காயத்துக்கு மருந்து, சுருட்டிக் கட்டுகிற பட்டை இவ்வளவு போதும். கணுக்கால் பிசகுவதுதான் இங்கே அதிகம் நடக்கிற காரியம். பாம்பு கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட காலை ஆட்டாமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி வந்து, சிக்னல் கிடைத்த இடத்தில் 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள். கடிபட்டவரை நேரடியாக அங்கே கொண்டுபோவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

காளி கோயில் பக்கம் போகிறவர்கள் நனைந்த அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள், அங்கே கும்பிட வருகிறவர்களுக்கு அது சுற்றுலா இடம் அல்ல.

பேருந்தில் போகிறவர்கள் திரும்புகிற பேருந்து நேரத்தைக் கீரிப்பாறையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சாயந்தரம் ஆகிவிட்டால் தடிக்காரன்கோணம் வரை ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு மொத்தப் பயணச் செலவைத் தாண்டும். நேரம் மிச்சமிருந்தால் வழியில் பூதப்பாண்டியில் இறங்கி, மலையடிவாரத்துப் பூதலிங்கசுவாமி கோயிலுக்குப் போய்வரலாம். நாங்கள் போகவில்லை. திட்டுவிளையில் நிறுத்தி ஆளுக்கொரு சாயாவும் பழம்பஜ்ஜியும் சாப்பிட்டோம். மாமா இரண்டு விசில் அடித்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

நனைந்த துணியையும் ஷூவையும் அப்படியே பையில் கட்டி வைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை வெளியிலேயே உதறி வெயிலில் போடுங்கள், ஷூவைக் கவிழ்த்து நன்றாகத் தட்டுங்கள். சித்தி மகன் தட்டாமல் மறுநாள் காலையில் அதே ஷூவில் காலை விட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். வள்ளியூர் தாண்டும்போது போன் வந்தது, அட்டையை எப்படி எடுப்பது என்று.